அரை மணிச் சீட்டு

கீச்சுவின் அம்மா கணினிக்குள் ஒரு ஊரை வைத்திருந்தார்.

அந்த ஊரில் தெருக்கள் இருந்தன. நடுவில் ரயில் பாதை போனது. பாதையின் குறுக்கே ஒரு ரயில்வே கேட் இருந்தது. மனிதர்கள் மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். யாருக்காவது உடம்பு மோசமானால் அந்த வீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். உடனே ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பி, தெருத் தெருவாக வளைந்து அங்கே போய்ச் சேரும். வெள்ளைப் புள்ளிதான் ஆம்புலன்ஸ். அது நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டால் சிவப்பு பச்சையாக மாறிவிடும்.

"இது விளையாட்டா அம்மா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கீச்சு கேட்டாள்.

"விளையாட்டு மாதிரிதான். ஆனா இதை விளையாடினா சம்பளம் குடுக்கறாங்க," என்றார் அம்மா.

அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஊருக்கு எத்தனை வண்டி வேண்டும், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நிஜ ஊரில் வண்டிகளை இங்கேயும் அங்கேயும் நிறுத்தி, யார் பிழைக்கிறார்கள் என்று சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் முதலில், நிஜ ஊரைப் போலவே செய்த இந்தப் பொய் ஊரில் ஓட்டிப் பார்ப்பார்.

கீச்சு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போல அழாமல் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டாளாம். அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் தம்பிக்கு உருண்டை என்று பெயர். கன்னம், வயிறு, முழங்கால் எல்லாமே அவனுக்கு உருண்டையாக இருக்கும். யாராவது அவனை அப்படிக் கூப்பிட்டால், "நான் ஒண்ணும் உருண்டை இல்ல. முட்டை மாதிரி கொஞ்சம் நீளமா இருக்கேன்," என்று திருத்துவான்.

இப்போது திருத்துவதற்கு அவன் இல்லை.

உருண்டைக்கு அடிக்கடி மூச்சு இரைக்கும். மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்தால் சரியாகிவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு மதியம் மட்டும் சரியாகவில்லை. அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஆனால் வண்டிகள் எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றன. கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் பழுதாகிப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கேட் திறக்க அரை மணி ஆனது.

வண்டியில் வந்த நர்ஸ் அக்கா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் தோளில் கை வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது கீச்சுவுக்குச் சரியாக நினைவில்லை. யாரோ அவளுக்குச் செருப்பை மாற்றிப் போட்டுவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. அப்பா பஸ் பட்டறையில் மெக்கானிக். முன்பெல்லாம் வேலை முடிந்து வரும்போதே வாசலில் ஹாரன் மாதிரி சத்தம் போடுவார். இப்போது எப்போது வந்தார் என்றே தெரிவதில்லை. அம்மா சாப்பிட உட்காரும்போது நான்கு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு ஒன்றைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றுவார்.

கொஞ்ச நாள் விடுப்புக்குப் பிறகு அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினார். அலுவலகத்தில் அடுத்த வருடத்துக்கான திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது இருக்கும் வண்டிகள் போதுமா, புதிதாக ஒன்று வேண்டுமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறை. தனியாக விளையாட கீச்சுவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். திரையில் சிவப்புப் புள்ளிகள் எரிவதும் பச்சையாவதுமாக இருந்தன.

"அம்மா, அடுத்தது எந்த வீட்டுல எரியும்னு யாரு சொல்றாங்க? நீயா?"

"நான் சொன்னா அது ஏமாத்து வேலை. கணினி குலுக்கிப் போடுது."

"அதுக்குத்தான் கையே இல்லையே. எப்படிக் குலுக்கும்?"

ரொம்ப நாளுக்குப் பிறகு அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கீச்சு அதைக் கவனித்தாள்.

"பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஏதோ ஒரு எண்ணை அது எடுத்துக் குடுக்கும். அடுத்தது என்ன வரும்னு நம்மால சொல்ல முடியாது. அதுதான் ரேண்டம் நம்பர். ஆனா அந்த எண்ணை அப்படியே வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அதை ஒரு அச்சுல போட்டு எடுக்கணும்."

"களிமண்ணை அச்சுல போட்டு பொம்மை எடுப்பாங்களே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான். எந்த எண் அடிக்கடி வரணும், எது எப்பவாவது வரணும்னு அச்சு முடிவு பண்ணும். புத்தகத்துல இதுக்குப் பரவல்னு பேரு. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு அச்சு வெச்சிருக்கேன். எங்க உடம்பு மோசமாகும்கறதுக்கு ஒண்ணு. வண்டி வழியில எவ்வளவு நேரம் நிக்கும்கறதுக்கு ஒண்ணு."

"புரியல."

அம்மா ஒரு பழைய தாளைச் சின்னச் சின்னச் சீட்டுகளாகக் கிழித்தார். வண்டி வழியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒவ்வொன்றிலும் எழுதினார். நிறையச் சீட்டுகளில் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். சிலவற்றில் மூன்று, ஆறு. ஒன்றே ஒன்றில் எட்டு. எல்லாவற்றையும் மடித்து ஒரு கிண்ணத்தில் போட்டார்.

"இதுதான் நான் போட்டிருக்கற அச்சு. நடுவுல உப்பி, ரெண்டு பக்கமும் சட்டுனு சரிஞ்சிடும். வரைஞ்சு பாத்தா கோயில் மணி மாதிரி இருக்கும். எடு பாக்கலாம்."

கீச்சு எடுத்தாள். ஐந்து. மறுபடி எடுத்தாள். நாலு. திரும்பவும் ஐந்து. எட்டு வரவே மாட்டேன் என்றது.

"எட்டு எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு," என்று சொல்லி, கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எட்டு கிடைத்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. கடைசிச் சீட்டு வரைக்கும் பிரித்துப் பார்த்தாள்.

"அம்மா, இதுல அரை மணி இல்லையே."

அம்மா கவிழ்ந்து கிடந்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

"நமக்கு வந்தது அரை மணிதானே. அந்தச் சீட்டு எங்க?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

கீச்சு சீட்டுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். அப்பா வந்ததும் அவரிடம் ஓடினாள்.

"நான் அம்மாவை அழ வெச்சுட்டேன் அப்பா."

அப்பா கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "நீ தப்பா எதுவும் கேக்கலடா," என்றார். பிறகு உள்ளே போய்க் குழாயை மூடினார்.

சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவே கீச்சுவைக் கூப்பிட்டு மடியில் சாய்த்துக்கொண்டார்.

"முதல்ல நான் வேற அச்சுதான் போட்டேன்," என்றார். "அதுக்கு நீளமா ஒரு வால் இருக்கும். பெரும்பாலும் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னுதான் வரும். ஆனா எப்பவாவது ஒரு தடவை அரை மணி வரும். ரயில்வே கேட் உண்மையில அப்படித்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"ஓட விட்டேன். ஒரு வீட்டுல சிவப்பு எரிஞ்சுது. வெள்ளைப் புள்ளி கேட்டுல போய் நின்னுது. நின்னுக்கிட்டே இருந்துது. என்னால பாக்க முடியல கீச்சு. நிறுத்திட்டு மறுபடி ஓட விட்டேன். வேற ஒரு வீட்டுல அதே மாதிரி ஆச்சு. ஒவ்வொரு வீடும் நம்ம வீடாத் தெரிஞ்சுது. அதனால இந்த அச்சைப் போட்டேன். ரெண்டுக்கும் சராசரி ஒண்ணுதான். மேலோட்டமாப் பாத்தா வித்தியாசமே தெரியாது."

கீச்சு யோசித்தாள்.

"இப்ப இந்த ஊர் என்ன சொல்லுது? வண்டி போதும்னு சொல்லுதா?"

"ஆமா. இருக்கறதே போதும்னு சொல்லுது."

"அப்போ கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி நிறுத்த மாட்டாங்க."

"மாட்டாங்க," என்றார் அம்மா. குரல் உள்ளே போய்விட்டது. "எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் இன்னைக்கு மாத்திடலாம்னுதான் உக்காருவேன். கை வரமாட்டேங்குது."

அப்பா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று படுக்கையில் கீச்சுவுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் தைரியமாக இரு என்று சொல்லலாமா என்று நினைத்தாள். அப்படித்தான் எல்லாப் பெரியவர்களும் அவளிடம் சொன்னார்கள். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சமும் தைரியம் வரவில்லை. பள்ளியில் அவளுடைய தோழி மட்டும் ஒன்றும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அதுதான் நன்றாக இருந்தது.

காலையில் அம்மா கணினியைத் திறக்கும்போது கீச்சு ஒரு சீட்டை எடுத்தாள். அதில் 'அரை மணி' என்று எழுதி, மடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அம்மா, நீ அச்சை மட்டும் மாத்திக் குடு. பாக்கறதை நான் பாத்துக்கறேன்."

"நீ எதுக்குடா அதையெல்லாம் பாக்கணும்?"

"யாராவது பாத்துத்தானே ஆகணும்?"

"எண்ணிக்கை எல்லாம் கணினியே போட்டுடும். ஆனா வண்டி சரியான தெருவுல போகுதா, எங்க நிக்குதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்தாத்தான் நம்பி அனுப்ப முடியும்."

"அதான் சொல்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. அரை மணி வந்தா உன்கிட்ட சொல்ல மாட்டேன். எந்தத் தெருன்னு மட்டும் எழுதி வெச்சுக்கறேன்."

அம்மா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார். பிறகு விசைப்பலகையில் ஏதோ மாற்றினார். வாலுள்ள அச்சு மறுபடி வந்தது. ஓடவிட்டு, நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

புள்ளிகள் எரிந்தன, பச்சையாயின. வெள்ளைப் புள்ளிகள் சரியான தெருக்களில்தான் போயின. ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒரே இடத்தை இரண்டு முறை சுற்றியது.

"இந்த டிரைவருக்கு வழி தெரியல," என்றாள் கீச்சு.

"அது ஒருவழிப் பாதை," என்றார் அம்மா சுவரிடம்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, அவர்கள் தெருவிலேயே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. வெள்ளைப் புள்ளி கிளம்பியது. கேட்டில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் கீச்சு சொல்லவில்லை. பென்சிலை எடுத்தாள். தெருவின் பெயரை எழுதப் பார்த்தாள். எழுத்து வரவில்லை. தாளில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது.

அவள் சத்தமே போடவில்லை. ஆனால் எப்போதும் கீச்சுக் கீச்சென்று பேசும் பெண் சத்தமில்லாமல் இருந்தால் அம்மாவுக்குத் தெரியாதா?

நாற்காலி மெதுவாகத் திரும்பியது. அம்மா கீச்சுவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். நிறுத்தும் பொத்தான் அவர் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வெள்ளைப் புள்ளி கேட்டில் நின்ற நேரம் முழுவதையும் இருவரும் பார்த்தார்கள். கடைசியில் அது வந்து சேர்ந்தபோது சிவப்பு பச்சையாகவில்லை. சாம்பல் நிறமாகிவிட்டது.

"இது உருண்டை இல்ல," என்றார் அம்மா. தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "இது வேற யாரோ."

"அந்த வேற யாரோவுக்கும் அக்கா இருப்பாங்களா அம்மா?"

"இருப்பாங்க."

கீச்சு மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வண்டியை இந்தப் பக்கம் நிறுத்தி ஓட்டிப் பாரேன்."

"வேற குலுக்கல் வந்தா, வண்டியால சரியாச்சா, அதிர்ஷ்டத்தால சரியாச்சான்னு தெரியாது," என்றார் அம்மா. அவருடைய பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "அதனால அதே குலுக்கலை அப்படியே திரும்பப் போடணும். அதே வீடுகள், அதே நேரம், அதே மூடின கேட். இந்தப் பக்கம் ஒரு வண்டியை மட்டும் புதுசா சேர்க்கணும்."

"அப்படிப் போட முடியுமா?"

"கணினியில முடியும்," என்றார் அம்மா.

பள்ளிக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியின் அருகே புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்தார். ஓடவிட்டார். அதே புள்ளிகள் அதே வரிசையில் எரிந்தன. வழி தெரியாதது போல அதே வண்டி ஒருவழிப் பாதையைச் சுற்றியது. அப்புறம் அவர்கள் தெருவில் சிவப்பு எரிந்தது. கேட் மூடியேதான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து வெள்ளைப் புள்ளி கிளம்பியது. இரண்டே இரண்டு திருப்பங்கள். வந்துவிட்டது.

பச்சை.

"ஆனா ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே இருக்கு?" என்று கேட்டாள் கீச்சு.

"வண்டிக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, மருந்து இருக்கு, நர்ஸ் இருக்காங்க. கேட் திறக்கற வரைக்கும்..." அம்மா பேச்சை முடிக்கவில்லை. திரையில் அந்தப் பச்சைப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். வைத்தபடியே அழ ஆரம்பித்தார். குழாயைத் திறந்துவிட்டு அழவில்லை. கீச்சுவைக் கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார். கீச்சுவும் அழுதாள். அன்று பாதி வேலையில் வீட்டுக்கு வந்த அப்பா, வாசலில் செருப்போடு நின்றபடியே அழுதார்.

மறுநாள் அம்மா மேலாளருக்குப் போன் செய்தார். மேலாளர் நல்லவர்தான். ஆனால் ரேடியோவைப் போல, எதிரில் இருப்பவரின் பேச்சு காதில் விழாதவர். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா, இருக்கற வண்டியே போதும்னுதானே வந்துச்சு, ரொம்ப நல்லதாப் போச்சு, மேலே கேட்டாங்க, நானும் அப்படியே சொல்லிட்டேன்..."

"சார், அது தப்பு. கேட்டுக்கு நான் போட்டிருந்த அச்சு சரியில்ல. தெரிஞ்சேதான் போட்டேன். பெரிய தாமதம் திரையில வந்தா என்னால பாக்க முடியல. இப்ப சரி பண்ணி ஓட்டியிருக்கேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி கண்டிப்பா வேணும்."

ரேடியோ நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து கீச்சு கேட்டதே இல்லை.

"அனுப்புங்கம்மா," என்றார் கடைசியில். "நான் சொன்னது தப்புன்னு நானே போய்ச் சொல்றேன். அவங்க என்ன கேள்வி கேட்டாலும் பரவாயில்ல."

அவர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். அம்மா இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மழைக்காலம் போய், வெயில் வந்து, பள்ளியில் கீச்சு அடுத்த வகுப்புக்குப் போனாள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் அருகே நிஜமாகவே ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது.

அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று கீச்சு நினைத்திருந்தாள். ஆனால் முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அதனிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. புத்தகப் பையோடு அதன் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள்.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "என்ன பாப்பா, உள்ள பாக்கணுமா?"

"வேண்டாம் அண்ணா," என்றாள். கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்தாள். "அண்ணா, எங்கேயும் போயிடாதீங்க."

"கூப்பிட்டா போகணுமேம்மா," என்றார் அவர்.

அது சரிதான் என்று கீச்சுவுக்குத் தோன்றியது.

தினமும் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டி அங்கேயே நின்றது. ஓட்டுநர் சில நாள் தூங்குவார். சில நாள் கண்ணாடியைத் துடைப்பார். ஒரு மாலை கீச்சு வந்தபோது தண்ணீர்த் தொட்டியருகே வெறும் சக்கரத் தடம்தான் இருந்தது. அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, வண்டி அங்க இல்ல."

அம்மா வேலையை விட்டு எழுந்து வந்தார். இருவரும் வாசலில் நின்றார்கள். தூரத்தில் கேட் மூடும் மணி கேட்டது. ரயில் வருவதும் போவதும் கேட்டது. அம்மா கீச்சுவின் கையைப் பிடித்திருந்தார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. ஓட்டுநர் இறங்கிச் சோம்பல் முறித்தார். வண்டியோடு போயிருந்த நர்ஸ் அக்கா பின்கதவைத் திறந்து ஒரு போர்வையை உதறினார். கீச்சு அதற்குள் அங்கே போய் நின்றுவிட்டாள்.

"அண்ணா, யாருக்கு?"

"பின்தெருவுல ஒரு தாத்தாவுக்கு. நல்லாப் பேசிக்கிட்டே வந்தாரு. வண்டியில ஃபேன் இல்லையான்னு கேட்டுச் சண்டை போட்டாரு."

கீச்சு திரும்பி நடந்தாள். அம்மா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தா சண்டை போட்டாராம் அம்மா," என்றாள்.

"போடட்டும்," என்றார் அம்மா. "நல்லாப் போடட்டும்."